கறுப்பிலிருந்து வெள்ளை வரை

"கலருங்கிறது துணியில இல்லம்மா, அது பக்கத்துல…" என்று பெரியப்பா ஆரம்பிப்பார். அதற்குமேல் என்ன சொல்வார் என்பது மறந்துவிட்டது. பக்கத்துல கெடக்குற துணியில இருக்கு என்பாரா, பக்கத்துல நிக்கிற ஆள்கிட்ட இருக்கு என்பாரா, இல்லை அவரே அந்த வாக்கியத்தை ஒருநாளும் முடித்ததில்லையோ என்னவோ. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தெட்டு வருஷம் சேலை விரித்துக் காட்டியவர், வாய் பாதியில் நின்றுவிடும், மிச்சத்தைக் கை பேசும், அரக்குச் சேலையை எடுத்து மாம்பழ மஞ்சள்மேல் ஒரே வீச்சாக வீசிப் போடுவார், எதிரே உட்கார்ந்திருக்கும் பொம்பளைகள் ஆமாமா என்று தலையாட்டுவார்கள். இப்போது எதற்கு அவர் ஞாபகம். திரை முழுக்கக் கறுப்பாக இருப்பதால் இருக்கலாம். மானிட்டரின் நடுவில் கேலிப்ரேட்டர் தொங்குகிறது, திரையின் நிறத்தை அளந்து திருத்துகிற எலுமிச்சம்பழம் அளவு கருவி, அதன் வயரைத் திரைக்குப் பின்பக்கம் போட்டு ஒரு சின்ன எடைக்கட்டியால் நிறுத்தியிருக்கிறேன், அது கண்ணை இறுக்கமாகத் திரையோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மீதி நேரம் இருபத்திரண்டு நிமிடம் என்று மூலையில் எழுதி வருகிறது. மவுஸைத் தொடக் கூடாது. விளக்கு போடக் கூடாது. ஜன்னலுக்குப் படுக்கை விரிப்பை மாட்டியாயிற்று, சித்திரை மாதத்து மதியம் இரண்டரை மணி, மதுரையில் இந்த நேரத்தில் ஓர் அறையை இருட்டாக்குவது என்பது வெயிலோடு குஸ்தி போடுவது, விரிப்பின் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் பழுக்கக் காய்ச்சிய கம்பி மாதிரி நிற்கிறது, அது திரையில் விழவில்லை, பரவாயில்லை. கரண்ட் மட்டும் போகாமல் இருக்க வேண்டும். போனால் முதலிலிருந்து. படம் அச்சிட்டுத் தரும் லேப்காரன் ஐந்து மணிவரைதான் வாங்குவான், சனிக்கிழமை காலையில் விழா, படம் நாளைக்குச் சட்டம் போடப் போயாக வேண்டும். கறுப்பு மாறிவிட்டது. இல்லை, மாறியதா? இரண்டாவது படி இது, கறுப்புக்கு அடுத்த கறுப்பு, என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தொங்குகிற கருவிக்கு மட்டும் தெரிகிறது.

அக்காவின் படம் அது. அங்கயற்கண்ணி, எம்.எஸ்சி., எம்.எட்., பெண்கள் உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியை, இந்த மாதக் கடைசியோடு ஓய்வு. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம், ஓய்வுபெறும் தலைமையாசிரியரின் படத்தை அந்த அறைச் சுவரிலேயே வரிசையாக மாட்டிவிடுவார்கள், பதினொரு பேர் ஏற்கெனவே தொங்குகிறார்கள், பன்னிரண்டாவது அக்கா. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்த்தான் எடுத்தேன். விழாவுக்காக அப்போதுதான் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள், சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது, அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் புது ஆணி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. "பாத்தியா, பியூன் முனியசாமி ஒரு வாரம் முன்னாடியே ஆணியடிச்சுட்டான். ஆள் தொங்க வேண்டியதுதான் பாக்கி" என்று அவளே சொல்லிச் சிரித்தாள், ஜன்னல் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்தது, வலது கையை மேஜைமேல் வைத்திருந்தாள், எடுத்தேன். நேற்று சாயங்காலம் இங்கே வந்து திறந்து பார்த்தால் தலைமுடியும் கழுத்து நிழலும் கருநீலச் சேலையும் ஒரே திட்டாக அப்பிக் கிடந்தன, முகம் அந்தத் திட்டின் கரையில் ஏறி நிற்கிற மாதிரி. அக்கா இவ்வளவு கறுப்பா, இல்லை மானிட்டர் பொய் சொல்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது, கடையில் எப்படி வைத்துக் கொடுத்தார்களோ அப்படியே கிடந்தது, மெயில் பார்க்கவும் ஊர்வம்பு படிக்கவும் அது போதும். போன் செய்தேன். "நல்லா வந்திருக்கா?" என்றாள். வந்திருக்குக்கா, கொஞ்சம் டார்க்கா இருக்கு, நாளைக்கு மானிட்டரைச் சரி பண்ணிட்டுப் பார்க்கிறேன் என்றேன். "மானிட்டரைச் சரி பண்ணு, என்னையும் கொஞ்சம் சரி பண்ணு. அந்தப் பதினோரு பேரையும் பாத்தேல்ல, அத்தனை பேரும் ஒரே கடையில ஆத்துன டீ மாதிரி ஒரே கலரு. கிருஷ்ணவேணி டீச்சர் என்னைவிடக் கறுப்பு, நான் அவங்ககிட்ட வேலை பாத்தவ, எனக்குத் தெரியாதா, அவங்களே அங்க ரோஸ் பவுடர் பூசுன மாதிரி இருக்காங்க. நான் மட்டும் நடுவுல கரிக்கட்டையா தொங்கணுமாடா?" நான் திரையில் படத்தைப் பெரிதாக்கினேன். "வெள்ளைக்காரன் படத்தையெல்லாம் இருபது வருஷம் சரி பண்ணுனவனுக்கு ஒரு அக்காவைச் சரி பண்ணத் தெரியாதா? ஒரு ரெண்டு சுத்து ஏத்தி விடு." பிறகு சிரித்தாள். சிரித்துவிட்டு, போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்று சொன்னாள். அது இப்போது வேண்டாம். பத்தொன்பது நிமிடம் என்று வருகிறது.

இப்போது திரையில் இருப்பது சாம்பல் நிறம்தான், ஆனால் அதைச் சாம்பல் என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நனைந்த குடைத்துணி மாதிரி. இந்தக் கீழ்ப்பக்கத்துப் படிகள்தான் விஷயம். கம்ப்யூட்டர், பாதி வெளிச்சம் காட்டு என்று சொன்னால் எந்த மானிட்டரும் சரியாகப் பாதியைக் காட்டாது, ஒவ்வொன்றும் தன் குணப்படி கூட்டியோ குறைத்தோ காட்டும், அந்தக் குணத்துக்குத்தான் காமா என்று பெயர், கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஏறும் படிகளின் வளைவு அது. கடையில் வாங்குகிறவனை மயக்க வேண்டும் என்று வெள்ளையைத் தூக்கி வைத்திருப்பார்கள், கறுப்பை அழுத்தி வைத்திருப்பார்கள், பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் கறுப்புப் பக்கத்தில் இருக்க வேண்டிய பத்துப் பதினைந்து படிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து ஒரே குழியாகிவிடும். இந்தக் கருவி ஒவ்வொரு படியாக நின்று, இதுக்கு எவ்வளவு வெளிச்சம் குடுக்கிறே, சரி, இதுக்கு, என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும், கடைசியில் கோணலை நிமிர்த்தி ஒரு திருத்தம் எழுதிவைக்கும், அவ்வளவுதான். ஹாலந்தில், ரோட்டர்டாமில் நான் வேலை பார்த்தபோது வாரத்துக்கு ஒருமுறை திங்கட்கிழமை காலையில் இதுதான் முதல் வேலை. மியூசியங்களுக்குப் படத்தொகுப்பு அச்சிடுகிற இடம், முந்நூறு வருஷத்து எண்ணெய் ஓவியங்கள், பாதி ஓவியம் இருட்டாகத்தான் இருக்கும், இருட்டுக்குள் ஒரு நாய் படுத்திருக்கும், ஒரு படிக்கட்டு போகும், அந்த நாய் தாளில் தெரிய வேண்டும், ஆனால் தெரிகிறதே என்று துருத்தவும் கூடாது. அங்கே எனக்கு அதற்குப் பெயர் இருந்தது, இருட்டு வேலை என்றால் இந்தியனிடம் கொடு என்பார்கள், கேலியா பாராட்டா என்று நான் கேட்டதில்லை, வெளியே பனி பெய்யும், உள்ளே இருபத்தொரு வருஷம் சாம்பல் அறையில் சாம்பல் உடுப்பில் உட்கார்ந்து அந்நியர்களின் நிழல்களைப் பிரித்துப் பிரித்து வைத்தேன். பளிச் நிறச் சட்டை போட்டு வரக் கூடாது, சட்டையின் நிறம் திரையில் பட்டுக் கண் ஏமாறும். இப்போதுகூட சாம்பல் பனியன்தான் போட்டிருக்கிறேன், பழக்கம். போன ஆவணியில் கண் டாக்டர் சொன்னார், "லென்ஸ் லேசா மஞ்சளாக ஆரம்பிச்சிருக்கு சார், வயசுதான், பயப்பட ஒண்ணுமில்ல." நான் பயந்தேன். மஞ்சள் கண்ணாடி வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றால் எத்தனை நாளாக, எந்தெந்த ஓவியத்திலிருந்து, இந்த ஊருக்குத் திரும்பி வந்த அன்று எல்லாம் தேனில் முக்கியெடுத்த மாதிரித் தெரிந்ததே, அது ஊரா கண்ணா. கருவிக்கு வயசாவதில்லை, அதனால்தான் அதைத் தொங்கவிட்டுவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கீழே தெருவில் ஒலிபெருக்கி வண்டி போகிறது, வெங்காயம் வெங்காயம் என்று பதிவு பண்ணின குரல், அதுவும் ஒரே சுருதியில். பதினாறு நிமிடம்.

அக்கா சொன்னதில் இரண்டு சுற்று என்றாளே, அது அந்தக்கால ரேடியோ திருகுகிற மாதிரி, ரெண்டு சுத்து ஏத்து. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அப்பா அப்படித்தான் சொல்வார். அப்பாதான் அன்றைக்கும் சொன்னார், கலர்ல எடுக்காதீங்க, கலர் காட்டிக் குடுத்துரும், பிளாக் அண்ட் ஒயிட்ல எடுங்க என்று. தொண்ணூற்று நான்கு. அக்காவுக்கு இருபத்தொன்பது, எனக்குப் பதினேழு, ஏழு இடம் வந்து பார்த்துப் போய்விட்டிருந்தார்கள், எட்டாவதாகத் திண்டுக்கல்லில் ஒரு வங்கிக்காரர், போட்டோ அனுப்புங்க, பிடிச்சா வர்றோம் என்று எழுதியிருந்தார்கள். அம்மா வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு சேலை எடுத்து வைத்தாள், அதில் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிவாள் என்று. பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, இதை ஏம்மா கட்டச் சொல்றே, அரக்கு கட்டச் சொல்லு, கலருங்கிறது துணியில இல்லம்மா, அது பக்கத்துல… இதோ, இங்கேயும் சொன்னார், இங்கேயும் முடிக்கவில்லை, அல்லது முடித்தார், அம்மா அவரை முடிக்கவிடாமல் காபி எடுக்கப் போய்விட்டாள். அக்கா வெளிர் ரோஜாவைத்தான் கட்டினாள். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு நாற்காலி, நாற்காலிக் கைமேல் அக்காவின் கை. எங்கள் தெருமுனை ஸ்டுடியோ, பிளஸ் டூ பரீட்சை முடிந்து நான் அங்கேதான் பொழுதெல்லாம் கிடந்தேன், நெகட்டிவில் பென்சில் வைத்துப் பரு எடுக்கவும் சுருக்கம் எடுக்கவும் எனக்கே வந்துவிட்டது, கை நடுங்காத வயசு. அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டுடியோக்காரர் வெளியே ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார், அக்காவின் நெகட்டிவ் காய்ந்து கிளிப்பில் தொங்கியது. சாய்வு மேஜையின் கண்ணாடிமேல் வைத்து அடியில் விளக்கைப் போட்டேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ், தலைமுடி பால் மாதிரி, பொட்டு ஒரு வெளிச்சப் புள்ளி, முகம் கண்ணாடியாகத் தெளிந்து கிடந்தது, அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டிலேயே வெளுப்பு அக்காதான். அச்சில் அவளை வெளுப்பாக்க வேண்டுமென்றால் இங்கே அவளைக் கறுப்பாக்க வேண்டும். சிவப்புச் சாயம் ஒரு சின்னச் சீசாவில் இருக்கும், அச்சுத்தாளுக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான், தண்ணீரில் ஒரு சொட்டு கலந்து, பூனைவால் மாதிரி பிரஷ்ஷால் முகத்தின்மேல் ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு. முகம் என் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு செய்தேன். காது விளிம்பு, தாடை, கழுத்து. அன்றைக்கு அது எனக்குப் பூஜை மாதிரி இருந்தது, இதை ஒளிக்க ஒன்றுமில்லை, அக்காவுக்கு நான் செய்கிற முதல் பெரிய காரியம், இந்த இடம் முடிந்துவிடும், நாதஸ்வரம் வந்துவிடும் என்று நினைத்தேன். பிரிண்ட் போட்டபோது ஸ்டுடியோ இருட்டறையில், மருந்துத் தண்ணீருக்குள்ளிருந்து அக்கா எழுந்து வந்தாள், சினிமாக்காரி மாதிரி. அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், மறுபடி முன்பக்கம், "நானாடா இது?" ஒரு பிரிண்ட் எக்ஸ்ட்ரா போடச் சொல்லு என்றாள். அது இன்னும் அவளிடம் இருக்கிறது, போன வருஷம் ரேஷன் கார்டு தேடும்போது ஹேண்ட்பேக்கின் உள்ஜிப்பில் பார்த்தேன், ஓரம் மஞ்சளித்து. ஜிப்பை மறுபடி மூடிவிட்டேன். பன்னிரண்டு நிமிடம். இப்போது நடுச் சாம்பல், திரையில் அசையாமல் நிற்கிறது, இதுதான் உலகத்திலேயே அலுப்பான நிறம், இதைத்தான் நான் அதிக நேரம் பார்த்திருக்கிறேன்.

கையை மறந்துவிட்டேன். வேறென்ன. முகத்தைப் பார்த்த கண் கீழே இறங்கவே இல்லை, நாற்காலிக் கைமேல் அரிசியளவுக்குக் கிடந்த அந்தக் கையில் ஒரு சொட்டுச் சாயம் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் முகத்தைத்தான் பார்த்தோம், முகத்தைப் பார்க்கத்தானே போட்டோ. திண்டுக்கல்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார்கள், அம்பாசிடர் வண்டியில் ஏழு பேர். கேசரியும் பஜ்ஜியும். அக்கா அதே ரோஜாச் சேலையில் வந்து நமஸ்காரம் பண்ணிவிட்டு உட்கார்ந்தாள், மாப்பிள்ளையின் அம்மா கைப்பையிலிருந்து எங்கள் போட்டோவை எடுத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்துத் தன் புருஷனிடம் காட்டினார். "அப்பவே இதைப் பாத்திருக்கணுங்க. முகத்தைப் பாத்துட்டு வந்துட்டோம். கையைப் பாத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்கவே மாட்டோம்." சத்தமாகச் சொல்லவில்லை, ரொம்ப மரியாதையாக, விலை விசாரிக்கிற மாதிரித்தான் சொன்னார். அக்காவின் கை அப்போது மடியில் இருந்தது. அதை அவள் முந்தானைக்குள் இழுத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன், இழுக்கவில்லை, எழுந்து எல்லோருடைய தட்டையும் அந்தக் கையாலேயே வாங்கினாள், மிச்சம் வைத்த பஜ்ஜியை ஒரே தட்டில் சேர்த்தாள், உள்ளே போனாள். இனிமே யாரும் வந்து பாக்க வேணாம்ப்பா என்று மறுநாள் காலையில் சொன்னதோடு சரி, அப்பா இரண்டு வருஷம் கெஞ்சிப் பார்த்தார். ஆனால் அதற்கு முன்னால், அன்றைக்குச் சாயங்காலமே அப்பா ஸ்டுடியோவுக்குப் போனார், நானும் பின்னால் ஓடினேன். தெருவே கூடிவிட்டது. எம் பொண்ணு மூஞ்சியில சுண்ணாம்படிக்க ஒன்னை யாருய்யா சொன்னா என்று அப்பா கத்தினார். ஸ்டுடியோக்காரர் என்னை ஒருதரம் பார்த்தார். ஒரே ஒருதரம். நான் பக்கத்துச் சைக்கிள் கடையில் தொங்கிய டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எண்ணினேன்கூட, ஒன்பது டயர். "தப்பு என்னோடதுதான் சார், மன்னிச்சுக்கங்க" என்றார் அவர். அதற்குப் பிறகு நான் அந்த ஸ்டுடியோ பக்கம் போகவில்லை, தெருமுனையைச் சுற்றிப் போவேன், ஜூலையில் சென்னைக்கு அச்சுத்தொழில் படிக்க ரயில் ஏறிவிட்டேன். சென்னை, பிறகு பம்பாய், பிறகு அங்கே. எங்கே போனாலும் எனக்கு வாய்த்த வேலை ஒன்றுதான், உள்ளது உள்ளபடி. ஒரு படி கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. நான் தேடிப் போனேனா, அது என்னைப் பிடித்துக்கொண்டதா தெரியவில்லை, அங்கே என்னோடு வேலை பார்த்தவர்கள், இவன் ரொம்ப நேர்மையானவன், ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டான் என்பார்கள், நான் தலையைக் குனிந்துகொள்வேன், அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஏழு நிமிடம். திரை இப்போது வெளுத்து வருகிறது, காலை ஐந்தரை மணி ஆகாசம் மாதிரி, அறை சுவர்களெல்லாம் மெதுவாகத் தெரிகின்றன, அலமாரி, தண்ணீர்ச் சொம்பு, மேஜைமேல் லேப்பின் கவர். அந்தக் கவரில் இரண்டு கட்டம் அச்சடித்திருக்கும், கரெக்‌ஷன் வேண்டும், கரெக்‌ஷன் வேண்டாம். டிக் அடிக்காமல் கொடுத்தால் வேண்டும் என்றுதான் அர்த்தம், உள்ளே ஒருவர் உட்கார்ந்து வருகிற முகத்தையெல்லாம் ஒரே பட்டனில் தூக்கிவிடுவார், கல்யாண ஆல்பம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் அதே பட்டன், அந்தப் பதினொரு தலைமையாசிரியர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் டீ ஆகியிருக்க வேண்டும். அக்கா நேற்று கடைசியாகச் சொன்னதை இன்னும் எவ்வளவு நேரம் தள்ளுவது. சிரித்தாள். ரெண்டு சுத்து ஏத்தி விடு என்றாள். பிறகு, சரிடா வைக்கிறேன், மணியடிக்கப் போறாங்க என்றாள். பிறகு, "டேய் சொக்கு, இந்தத் தடவையாவது கையை மறந்துடாதே." வைத்துவிட்டாள். இந்தத் தடவையாவது. அப்படியென்றால் அவளுக்குத் தெரியும், பூசியது நான் என்று. யார் சொன்னார்கள், ஸ்டுடியோக்காரர் செத்துப் பதினைந்து வருஷம், அவர் சொல்கிற ஆள் இல்லை. நேற்று ராத்திரி முழுக்க இதையே போட்டுக் குடைந்தேன், தூக்கத்திலும், இன்று காலை பல் விளக்கும்போது கண்ணாடியில் என் விரலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சாயம். அந்தச் சிவப்புச் சாயம் லேசில் போகாது, நகக்கண்ணில் ஏறிக்கொண்டால் ஒரு வாரம் பத்து நாள் நிற்கும். அந்த விரலோடுதான் நான் வீட்டில் சாப்பிட்டேன். பரிமாறியது யார், அக்கா. அம்மாவுக்கு அப்போதே கண் சரியில்லை, அப்பா பேப்பருக்குள் இருப்பார், என் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து ரசத்தை ஊற்றுகிறவள் அக்காதான், ஒருநாள் கேட்டாள்கூட, என்னடா விரல்ல, மருதாணி வச்சுக்கிட்டியா என்று, பீட்ரூட்டுக்கா என்றேன். எங்கள் வீட்டில் அன்றைக்கு பீட்ரூட் செய்யவில்லை. முதல் நாளே தெரியும். அப்பா ஸ்டுடியோக்காரரைத் திட்டிவிட்டு வந்து மூச்சு வாங்கியபோது அவள் தெரிந்துகொண்டே சொம்பில் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். தெரிந்துகொண்டே எனக்குப் புளியோதரை கட்டி, சென்னை ரயிலில் ஏற்றி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்லா படிடா என்றாள். விமான நிலையத்தில். அம்மா சாவுக்கு நான் இரண்டு நாள் தாமதமாக வந்தபோது. முப்பத்தோரு வருஷம். நான் மட்டும் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அவள் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசினேன். அவள் என்ன சொல்கிறாள் இப்போது. மறுபடியும் செய், ஒழுங்காகச் செய் என்றா. செய்தது தெரியும், போகட்டும் என்றா. கேலிதானா, அவள் எதையும் கேலியாகத்தான் சொல்வாள், தன்னையும். அந்தப் படத்தை முப்பத்தோரு வருஷமாக ஹேண்ட்பேக்கில் வைத்திருப்பவள் அதை எதற்காக வைத்திருக்கிறாள், அதில் தெரிகிற முகத்துக்காகவா, அதில் மாறாத கைக்காகவா, அல்லது ஒருத்தன் மூச்சை அடக்கிக்கொண்டு அவளுக்காக ஏதோ செய்தான் என்பதற்காகவா. இது எதுவும் எனக்குத் தெரியப்போவதில்லை, கேட்டால், போடா பைத்தியக்காரா, வேலையைப் பாரு என்பாள்.

வெள்ளை. முழு வெள்ளை, கண் கூசுகிறது. கருவி ஒரு தடவை டிக் என்றது. முடிந்தது, கரண்ட் போகவில்லை. திரையில் வளைவு வருகிறது, கருவி கேட்டது ஒரு கோடு, மானிட்டர் இத்தனை நாள் காட்டிக்கொண்டிருந்தது இன்னொரு கோடு, கறுப்புப் பக்கத்தில் இரண்டாவது கோடு படுத்தே கிடக்கிறது, எழுந்திருக்கவே சோம்பல்பட்ட மாதிரி. கருவியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அக்காவின் படத்தைத் திறந்தேன். முன்பு, பின்பு என்று ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் பழைய மானிட்டர், விட்டால் புதியது. முன்பு, ஒரே திட்டு. பின்பு, சேலையில் நீலம் வந்தது, கழுத்தடியில் நிழல் வேறாகவும் சங்கிலி வேறாகவும் பிரிந்தன, தலைமுடி ஓரத்தில் சாயம் படாமல் விட்ட நரை நாலைந்து, மூக்கில் கண்ணாடி அழுந்திய தடம், நெற்றிப்பொட்டில் ஜன்னலின் லேசான நீலம், கன்னத்தில் கறுப்பு என்று நான் நினைத்த இடத்தில் எத்தனை படிகள், ஒன்றன்மேல் ஒன்றாகச் செம்பழுப்பு, ஈரமான செங்கல், உள்ளே ஏதோ வெதுவெதுப்பாக இருக்கிற மாதிரி. நான் இவளை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. கறுப்புத்தான். அந்தப் பதினொரு பேர் வரிசையில் கறுப்பாகத்தான் இருப்பாள், அதை எந்தக் காமாவும் மாற்றாது. மேஜைமேல் கை, நரம்பு புடைத்து, சாக்பீஸ் தூசி இரண்டு விரல் இடுக்கில், முகமும் கையும் ஒரே நிறம். ஆனாலும் ஏதோ இடிக்கிறது. தள்ளி உட்கார்ந்து பார்த்தால் முகம் பின்னால் போய்விடுகிறது, கண் நேரே அந்தப் புதுச் சுண்ணாம்புச் சுவருக்கு ஓடுகிறது, அந்த ஆணிக்கு, சுவர்தான் கத்துகிறது, அவள் இல்லை. இரண்டு கையையும் நீட்டித் திரையில் சுவர் இருக்கும் இடத்தை மூடினேன், இந்தப் பக்கம் ஒரு உள்ளங்கை, அந்தப் பக்கம் ஒன்று. என் கைகளுக்கு நடுவே அக்காவின் முகம் மெல்ல வெளிச்சத்துக்கு வந்தது. எடுத்தேன், உள்ளே போனது. மறுபடி மூடினேன், வந்தது. கீழே வெங்காய வண்டி திரும்பி வருகிறது. மூணேகால். அக்காவுக்குக் கடைசி வகுப்பு இன்னும் முடிந்திருக்காது.

முகத்தையும் கையையும் தொடவில்லை. பின்சுவரை மட்டும் இரண்டு படி இறக்கி, ஆணியை அப்படியே விட்டு, கவரில் 'கரெக்‌ஷன் வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.